துண்டுக்குள் ஒரு நந்தி

தஞ்சாவூருக்குச் சுற்றுலா போகிற பிள்ளைகள் பையில் முறுக்கு வைப்பார்கள், பவுடர் டப்பா வைப்பார்கள், துணிச்சல்காரர்கள் அண்ணனின் போனைக்கூட வைப்பார்கள். நர்மதா தன் அப்பாவின் சந்தைத் துண்டை வைத்திருந்தாள். துவைத்த துண்டுதான். ஆனாலும் மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பழகிய துண்டு எந்தச் சோப்புக்கும் முழுதாகப் பணிந்துவிடுவதில்லை. அவள் பையைத் திறந்ததுமே பின் சீட்டிலிருந்த சந்துரு மூக்கைச் சுளித்தான்.

"பஸ்ஸுக்குள்ள எரும ஏறியிருக்குதா?"

"ஏறியிருக்குது. எனக்குப் பின்னாடி சீட்டுல" என்றாள் நர்மதா, திரும்பாமலே.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரதீபா சிரித்தாள். அந்தச் சிரிப்பு போதும் நர்மதாவுக்கு. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை அவள் சொன்ன பதில்களெல்லாம், யாருக்குச் சொன்னதாக இருந்தாலும், பிரதீபா கேட்டுச் சிரிப்பதற்காகச் சொன்னவைதான்.

நர்மதாவின் அப்பா குப்பண்ணன் மாட்டுத் தரகர். வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் வீடு. அந்தப் பக்கம், பொள்ளாச்சிச் சந்தையில் பிழைப்பு. ஆண்பிள்ளை இல்லாத குறையோ என்னவோ, லீவு நாட்களில் மகளைச் சந்தைக்குக் கூட்டிப்போவார். "பொட்டப்புள்ளையக் கூட்டீட்டு எங்கீங் போறீங்க?" என்று அம்மா மயிலாத்தாள் கதவை மறித்தால், "படிப்புக்குத்தான்" என்பார். அது உண்மையாகவும் இருந்தது.

அங்கேதான் அவள் துண்டு பேசும் பேச்சைக் கற்றாள். விற்பவரும் வாங்குபவரும் கைகளைச் சேர்த்து அதன்மேல் துண்டைப் போட்டுக்கொள்வார்கள். வெளியே வாய் மழையைப் பற்றிப் பேசும், தேங்காய் விலையைத் திட்டும். உள்ளே விரல்கள் வியாபாரம் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து, விட்டு மறுபடி மூன்றைப் பிடித்தால் எட்டு. உள்ளங்கையைச் சுரண்டினால் 'இறங்கி வா' என்று பொருள். பக்கத்தில் நிற்கிறவன் தலைகீழாக நின்றாலும் என்ன விலை என்று அவனுக்குத் தெரியாது.

விரலைக் கற்பது ஒரு மத்தியான வேலை. முறையைக் கற்பதுதான் கடினம். பேச்சு பிடிக்காமல் ஒருவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுவிட்டால், வியாபாரம் முறிந்தது. அதே இரண்டு பேர் அந்தச் சந்தையில் மறுபடி தாங்களாகக் கைசேர்க்கக் கூடாது. மூன்றாவதாக ஒரு தரகர் வந்து, தன் துணியைப் போட்டு, நடுவில் நின்று பேசிவிட்டால் உண்டு. இன்னொன்று: கண்ணில் படும் மாட்டுக்கெல்லாம் விலை போடலாம், தன் வீட்டுத் தொழுவத்தில் நிற்கும் மாட்டுக்கு மட்டும் போடக் கூடாது. விளையாட்டுக்குக்கூடக் கூடாது. "போட்டம்னா அது விக்கற மாடாயிரும் கண்ணு. பொறகு அது நம்ம மாடு இல்ல" என்பார் குப்பண்ணன்.

இதையெல்லாம் நர்மதா ஆறாம் வகுப்பில் பிரதீபாவுக்குக் கற்றுக்கொடுத்தாள். உலகத்தில் பிரதீபாவுக்கு மட்டும். அன்றிலிருந்து இரண்டு பேரும் பாவாடை மடிப்புக்குள்ளும் பள்ளிப் பைக்கு அடியிலும் கைகளைச் சேர்த்து, ஊரில் இருக்கும் எல்லாவற்றுக்கும் விலை போட்டார்கள். ஹெட்மாஸ்டரின் புதுக் கண்ணாடி இரண்டு. மத்தியானச் சாப்பாட்டு முட்டை ஏழு. அழுகல் என்றால் சுழி, எந்த விரலையும் பிடிக்காத வெறும் கை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை மேடைக்கு வரும்போது முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு நான்கு என்று முடித்து, அதற்குமேல் பெறமாட்டார் என்று தலையசைத்துக்கொண்டார்கள். எதற்கும் பத்துக்கு மேல் இல்லை. பத்து இதுவரை எதற்கும் போடப்படவும் இல்லை.

பத்து எதற்கென்று சுற்றுலா அறிவிப்பு வந்த அன்றே முடிவாகிவிட்டது. பெரிய கோயில் படத்தைப் புத்தகத்தில் பார்த்த பிரதீபாதான் காதோடு சொன்னாள்: "ஏம் புள்ள, அந்த நந்திக்கு நாம வெல போடோணும். நேருல நின்னு. துண்டு கொண்டாந்துரு."

அதற்காகத்தான் அந்தத் துண்டு. நர்மதாவுக்குத் தஞ்சாவூர் என்பதே அதுதான். சோழ சாம்ராஜ்யம் பின்னால் வரட்டும்.

இடையில் வந்தவள் ஆனந்தி.

ஜூன் மாதம் வந்து சேர்ந்தாள். மூணாறு பக்கம் எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவள். அவள் அப்பா கருத்தப்பாண்டிக்கு, வட்டவடையிலிருந்து கேரட்டும் முட்டைக்கோசும் வேலந்தாவளம் மார்க்கெட்டுக்கு ஏற்றிவரும் லாரியில் வேலை கிடைத்ததும், குடும்பமே லாரியோடு இறங்கிவிட்டது. வந்த முதல் வாரத்திலேயே, "எங்க லயத்துக்கு முன்னாடி ஆன வந்து நிக்கும். நாங்க கதவத் தொறக்காம உள்ளயே பல்லு வெளக்குவோம்ல" என்றாள் ஆனந்தி. பிரதீபாவின் வாய் திறந்தது. இன்றைக்கு வரை அது முழுதாக மூடவில்லை என்பதே நர்மதாவின் கணக்கு.

யானைக்கு எதிராக மாட்டை வைத்து என்ன செய்வது? நர்மதா தன் கையிலிருந்த நல்ல சரக்கையெல்லாம் இறக்கிப் பார்த்தாள். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய காளை, பல்லைத் தேய்த்து வயதை மறைத்த வியாபாரி. பிரதீபா கேட்டாள். கேட்டுவிட்டு, "ஆனந்தி, அந்த ஆன அப்பறம் என்ன பண்ணுச்சு?" என்று திரும்பினாள். கடைக்கு வந்த ஆள் நம் புடவையை விரித்து வைத்துக்கொண்டே எதிர்க் கடையை எட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

ஆனால் ஜோடி ஜோடிதான். மலையாளக்காரரான பின்சி டீச்சர் எங்கே கூட்டிப்போனாலும் பிள்ளைகளை இரண்டிரண்டாகக் கைகோக்கச் சொல்லி எண்ணுவார். நர்மதாவும் பிரதீபாவும் என்றைக்கும் ஒரு ஜோடி. பெண்கள் எண்ணிக்கை ஒற்றைப்படையாக விழுந்ததால் ஆனந்திக்கு டீச்சரே ஜோடி. டீச்சரோடு கைகோத்துச் சுற்றுலா போவது என்ன கொடுமை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த அளவில் கடவுள் இருக்கிறார் என்று நர்மதா நம்பினாள்.

ராத்திரியில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓட்டக் கூடாது என்பதால் பஸ் விடிந்த பிறகே கிளம்பியது. பொள்ளாச்சி தாண்டி, தாராபுரம் ரோட்டில் ஏறியது. கொண்டை ஊசி வளைவில் பிறந்து வளர்ந்த ஆனந்திக்கு அந்த நேர் ரோடு ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் முகம் வெளுத்தது, பிறகு பாட்டு நின்றது, பிறகு பஸ் நின்றது.

"சாரமில்லா மோளே, சாரமில்லா" என்று முதுகைத் தடவிய பின்சி டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "ஆருக்கெங்கிலும் கையில எலுமிச்ச உண்டோ?"

பிரதீபாவிடம் இருந்தது. முன்யோசனைக்காரி. எலுமிச்சம்பழத்தோடு எழுந்து போனவளை டீச்சர் அங்கேயே உட்காரச் சொன்னார். தன் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்து நர்மதாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இனி நானும் நீயும் ஜோடி. கேட்டோ?"

நர்மதா கேட்டாள். காது நன்றாகத்தான் இருந்தது.

கரூர் வருவதற்குள் ஆனந்தி தெளிந்துவிட்டாள். வயிற்றுக்கு நல்லதென்று மலைக்காரர்களின் தடித்த சால்வையைப் போர்த்திக்கொண்டு, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். சால்வையின் மறுபாதி பிரதீபாவின் மடியில் கிடந்தது. இரண்டு சீட்டுக்கு நடுவே இருந்த இடைவெளியில் பார்த்துக்கொண்டிருந்த நர்மதாவுக்கு, அந்தச் சால்வை மூச்சுவிடுவதுபோல் அசைவது தெரிந்தது. உள்ளே கைகள். ஒன்றை ஒன்று பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து. பிரதீபா ஜன்னல் வழியே ஒரு ஆட்டு மந்தையைப் பார்த்து ஏதோ சொன்னாள். சால்வை அசைந்தது. ஆனந்தி களுக்கென்று சிரித்தாள்.

விலை போடுகிறார்கள்.

அப்பா சந்தையில் ஏமாந்த ஒரு நாளை நர்மதா பார்த்திருக்கிறாள். வளர்ப்பான் என்று நம்பிக் கொடுத்த கன்றை, வாங்கியவன் அதே சந்தையின் மறு மூலையில் கூடுதல் விலைக்கு விற்றுக்கொண்டிருந்தான். அப்பா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அப்பாவுக்கு அன்றைக்கு நெஞ்சுக்குள் என்ன ஓடியது என்பது இப்போதுதான், கரூர் பைபாஸில், டீச்சரின் கைப்பை இடுப்பில் குத்திக்கொண்டிருக்கும்போது, அவளுக்குப் புரிந்தது.

"நர்மதே, பிஸ்கட் வேணோ?" என்றார் டீச்சர்.

"வேண்டாங் டீச்சர். வயிறு செரியில்லீங்."

அதுவும் ஒரு பயனில்லாத வியாபாரமாகப் போனது. உடனே டீச்சர் ஒரு பாலித்தீன் பையை விரித்து அவள் மடியில் வைத்துவிட்டார்.

மத்தியானம் அரண்மனை. மாடங்களும் தூண்களும் வெண்கலச் சிலைகளும் இருந்தன. வழிகாட்டி நாயக்கர் காலம், மராட்டியர் காலம் என்று பிரித்துச் சொன்னார். நர்மதா பார்த்தது ஒன்றைத்தான்: முன்னால் போகும் ஜோடி. வியர்த்த டீச்சரின் கையில் அவள் கை கிடந்தது. அந்த ஜோடியோ கையை ஆட்டிக்கொண்டே நடந்தது.

அழுவதற்குக் குப்பண்ணன் மகளைச் சந்தைக்குக் கூட்டிப்போகவில்லை. ஒரு மாட்டுக்கு விலை ஏறவில்லை என்றால் தரகர்கள் ஒரு பொய் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவன் மாட்டைத் தடவுவான், திமிலைத் தட்டுவான், உருகுவான். உண்மையில் வாங்க வந்தவனுக்குப் பதறும். நர்மதா சுற்றிலும் பார்த்தாள். அகப்பட்டவன் சந்துரு.

தர்பார் மண்டபத்தில் அவன் ஒரு ராஜாவின் படத்தைக் காட்டி, "மீசயப் பாரு, எங்க மாமன் காத்துல மொபெட்டு ஓட்டீட்டு வந்தாப்பல இருக்குது" என்றான். சுமாரான நகைச்சுவை. நர்மதா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த படத்துக்கும் சிரித்தாள். அவன் ஒன்றும் சொல்லாதபோதும் சிரித்தாள். தன் வாழ்க்கையில் இப்படி ஒரு வரவேற்பைக் கண்டிராத சந்துரு பயந்துபோய், "உனக்கு உள்ளபடியே வயிறு செரியில்லியா?" என்று கேட்டான்.

விலை ஏறியதா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். பிரதீபா திரும்பிப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, நிம்மதியாக ஆனந்தியோடு அடுத்த அறைக்குள் போனாள். நல்லவேளை, நர்மதாவுக்கும் ஒரு துணை கிடைத்தது என்கிற நிம்மதி.

பொய் ஆள் பலிக்காவிட்டால் அடுத்த வழி, எதிராளியின் சரக்கில் குறை சொல்வது. தண்ணீர்க் குழாயடியில் பிரதீபா தனியாக அகப்பட்டாள்.

"அவ சொல்ற ஆனக் கத அத்தனையும் பொய்யிடி."

"எது?"

"ஆன நின்னுதாம், இவ பல்லு வெளக்குனாளாம். ஆன வந்தா எவளாவது பல்லு வெளக்குவாளா? அப்பறம் அவ தலைல என்ன எண்ண வெக்கறாளோ, ஒரு வாட அடிக்குது. உனக்கும் ஒட்டிக்கப் போகுது பாத்துக்கோ."

பிரதீபா பாட்டிலை நிரப்பி மூடினாள். "கொற சொல்றவந்தான் வாங்க வந்தவன்" என்றாள் மெதுவாக. "நீ சொல்லிக் குடுத்ததுதான்."

தன் கத்தியே தன் விலாவில் ஏறுவதைப்போல் இருந்தது. பிரதீபா கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசம். "வாடி" என்று அவள் கையைப் பிடித்துக் கடைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

அரண்மனைக்கு வெளியே ஒரு கடையில் தலையாட்டி பொம்மைகள் வரிசையாக நின்று, போவோர் வருவோர் சொல்வதற்கெல்லாம் சம்மதித்துக்கொண்டிருந்தன. "துண்ட எடு. இதுக்கு வெல போடலாம்" என்றாள் பிரதீபா. நர்மதா துண்டை எடுத்தாள். கைகள் உள்ளே போயின. காலையிலிருந்து காணாத கை. அதே சில்லிட்ட விரல்கள், அதே ஓரம் கடித்த நகம். நர்மதா பொம்மையைப் பற்றிக் கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே சரியாகியிருக்கும்.

"ஆனந்திக்கு என்ன வெல?" என்றாள்.

பிரதீபா சிரித்தாள். யோசிக்கவே இல்லை. ஐந்து விரலையும் பிடித்தாள், விட்டாள், மூன்றைப் பிடித்தாள். எட்டு.

மூன்று வருஷத்தில் எந்த மனிதருக்கும் போடாத விலை. நடிகர்களுக்கே ஆறுக்கு மேல் போகாத கை அது.

"செரி. எனக்கு?"

பிரதீபாவின் சிரிப்பு நின்றது. விரல்கள் அசையவில்லை. விரலைப் பிடிக்கவும் இல்லை, விலகவும் இல்லை. வெறும் கை, விரித்தபடி, நர்மதாவின் கைக்குள் கிடந்தது. ஒரு பொம்மை ஆடி நின்றது. அடுத்ததும் நின்றது. அப்போதும் அந்தக் கை ஒன்றும் சொல்லவில்லை.

சுழி, என்று நினைத்தாள் நர்மதா. அழுகல் முட்டைக்குப் போட்ட விலை.

துண்டைப் பிடுங்கினாள். கடைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி உதறினாள். தோளில் போட்டுக்கொண்டாள்.

போட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. பிரதீபாவின் முகத்தைப் பார்த்ததும் இன்னும் நன்றாகத் தெரிந்தது. முறை தெரியாத வேறு பெண்ணாக இருந்தால், "என்னடி உனக்குக் கிறுக்கா?" என்று மறுபடி கையைப் பிடித்திருப்பாள். பிரதீபாவுக்கு முறை தெரியும். நர்மதாவே சொல்லிக்கொடுத்தது. அவள் தன் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஆனந்தி நின்ற பக்கம் போய்விட்டாள்.

அன்று சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள், நடுவில் நான்கு இலைகள். லாட்ஜ் ஹாலில் விரித்த பாய்களில் ஒருத்தி கிழக்கே பார்த்துப் படுத்தாள், ஒருத்தி மேற்கே பார்த்து. டீச்சர் எண்ணியபோது கணக்கு மட்டும் சரியாக இருந்தது.

காலையில் பெரிய கோயில். கோபுர வாசலைத் தாண்டியதும் பிள்ளைகள் தாமாகவே பேச்சை நிறுத்தினார்கள். கல் பாவிய முற்றம் பாதத்துக்குச் சில்லென்று இருந்தது. எதிரே மண்டபத்தில், வாலைச் சுருட்டிக் கால்களை மடித்து, எண்ணெய்க் கறுப்பில் மினுங்கிக்கொண்டு, நந்தி உட்கார்ந்திருந்தது.

நர்மதா எத்தனையோ மாடு பார்த்திருக்கிறாள். இதைப் பார்த்ததும் கை தானாகத் தோள் துண்டுக்குப் போனது. பழக்கம் பொல்லாதது. நெற்றி அகலம், கொம்பு குட்டை, திமில் சரியான இடத்தில், கழுத்து மணிகள் உட்பட ஒரே கல். பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்தது. நிறைந்ததைக் கொட்ட ஒரு கை இல்லை. பிரதீபா மண்டபத்தின் அந்தப் பக்கம் நின்று அதே மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு, அடுத்த மாதம், அடுத்த வருஷம் எத்தனை துண்டு விரித்தாலும் இந்த மாடு எதிரே உட்கார்ந்திருக்காது.

"அஞ்சு மினிட்டு. பின்னே உள்ளே போவாம். ஜோடி விடாதே" என்றார் பின்சி டீச்சர்.

அப்போது ஆனந்தி வந்தாள். சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக நர்மதாவின் முன்னால் வந்து நின்றாள்.

"ஏ புள்ள, நீ துண்ட ஒதறிட்டியாம்ல?"

நர்மதா தோள் துண்டை இழுத்துச் சரிசெய்தாள்.

"அவ உங்கிட்ட வரமாட்டாளாம். வந்தா மொற கெட்ருமாம். ராத்திரியெல்லாம் ஒரே பொலம்பல், என்னயத் தூங்கவிடல. நடுவுல ஒரு தரகர் வேணுமாம். தரகர்னா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாது. ஆனா நாந்தான் தரகர். வர்றியா, வரலையா?"

பகையாளியே தரகராக வந்து நிற்பதை நர்மதா எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் மானம் மிஞ்சும். மானத்தை வைத்துக்கொண்டு, டீச்சரின் வியர்த்த கையைப் பிடித்துக்கொண்டு, இந்த மாட்டைத் தாண்டிப் போகலாம்.

"உன்ற சால்வயப் போடு" என்றாள். "தரகரு துணிதான் போடோணும். என்ற துண்டு ஆகாது."

மண்டபத்து ஓரமாக மூன்று பேரும் நின்றார்கள். நடுவில் ஆனந்தி, அவள் வலது கையில் நர்மதாவின் கை, இடது கையில் பிரதீபாவின் கை, எல்லாவற்றின்மேலும் அந்தச் சால்வை. நேற்றெல்லாம் எரிச்சலோடு பார்த்த சால்வை. உள்ளே கதகதப்பாகத்தான் இருந்தது. ஆனந்தியின் விரல்கள் சுள்ளி போல் காய்த்திருந்தன.

"இப்ப என்ன கேக்கணும்?" என்றாள் தரகர்.

"நேத்துக் கேட்டதையே கேளு" என்றாள் நர்மதா.

ஆனந்தி பிரதீபாவைப் பார்த்தாள். பிரதீபா நந்தியைப் பார்த்தாள். சால்வையின் இடது பக்கம் அசைந்து நின்றது.

"இவ ஒண்ணும் பிடிக்க மாட்டேங்கிறா" என்றாள் ஆனந்தி. "கைய விரிச்சு வெச்சுருக்கா. அம்புட்டுத்தான். என்னடி, வாயத் தொறந்து சொல்லேன்."

பிரதீபா நந்தியிடம் சொல்வதுபோல் சொன்னாள். "ஊட்டு மாட்டுக்கு யாராவது வெல போடுவாங்களா?"

நர்மதாவுக்கு முதலில் காதில் விழுந்தது, பிறகுதான் புரிந்தது. அந்த விரித்த கை. பொம்மைகள் ஆடி நின்றபோதும் அசையாத கை. அதை உதறிவிட்டு வந்தவள், முறையைக் கற்றுக்கொடுத்தவள், மாட்டுத் தரகர் மகள்.

"ஆனந்திக்கு எண்ணு மட்டுந்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள் பிரதீபா, இன்னும் நந்தியைப் பார்த்துக்கொண்டே. "அதும் பஸ்ஸுல அவளுக்குக் கை நடுங்குச்சு, புடிச்சுக்க ஏதாச்சும் வேணும்னுதான். மொறையெல்லாம் சொல்லல."

"சொல்லியிருந்தாத்தான் என்ன" என்றாள் நர்மதா. அவள் சொன்ன பொய்களில் அது பெரியது.

சால்வை விலகியது. துண்டு விரிந்தது. இரண்டு கைகளும் உள்ளே போயின.

"எந்திரிச்சு நடக்க வெச்சுக் காட்டாத மாட்ட எங்கய்யன் தொடமாட்டாரு" என்று வழக்கம்போல் குறையில் தொடங்கினாள் நர்மதா.

"பல்லும் பாக்க முடியாது" என்றாள் பிரதீபா.

பின்னாலிருந்து சந்துருவின் தலை நீண்டது. "இந்த நந்தி வளந்துட்டே இருந்துதாம்ல. வளர்ற மாட்டுக்கு இன்னிக்கு வெல பேசுனா நாளைக்கு விக்கறவனுக்கு நட்டம்."

இந்த முறை நர்மதா நிஜமாகச் சிரித்தாள். சந்துரு இரண்டடி பின்னால் போனான். துண்டுக்குள் விரல்கள் பிடித்தன, விட்டன, ஒருத்தி உள்ளங்கையைச் சுரண்டினாள், மற்றவள் இறங்க மறுத்தாள். கடைசியில் என்ன விலைக்கு முடிந்தது என்று கேட்டால், அதை வெளியே சொல்வது தொழிலுக்கு ஆகாது.

தரகர் என்றால் தரகு உண்டு. திரும்பும் பஸ்ஸில் ஆனந்தி அதைக் கேட்டு வாங்கினாள்: ஜன்னல் ஓரம். இரண்டு பேர் சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள். பின்சி டீச்சர் பார்த்தும் பாராததுபோல் முன்னால் போய்விட்டார். திருச்சி தாண்டுவதற்குள் நடுவிலிருந்த பிரதீபா தூங்கிவிட்டாள். அவள் தலை ஆடி ஆடி, ஜன்னல் பக்கம், ஆனந்தியின் தோளில் போய் விழுந்தது.

நர்மதா அந்தத் தலையைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்து பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"ஏ புள்ள" என்றாள் ஆனந்தி தாழ்ந்த குரலில். "அதென்ன, ஊட்டு மாட்டுக்கு வெல போடக் கூடாதுங்கிறது?"

எல்லா முறையையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று நர்மதா கோயிலிலேயே முடிவு செய்திருந்தாள். துண்டு உதறுவது, தரகர் துணி, உள்ளங்கைச் சுரண்டல், எல்லாம். நல்ல பெண்தான். விரல் காய்த்த பெண். பகையாளி வீட்டுக்குத் தூது வர எல்லோராலும் ஆகாது.

"அதொண்ணுமில்ல" என்றாள். "சும்மா ஒரு பழக்கம். கிராமத்து ஆளுக என்னமோ சொல்லுவாங்கொ."

"அப்ப எட்டுங்கிறது நல்ல வெலதானே? எனக்கு எட்டுன்னாளாம்ல."

"எட்டுன்னா சும்மாவா? சந்தைல எட்டுக்குப் போற மாடு எத்தன இருக்குது?"

ஆனந்தியின் முகம் மலர்ந்துவிட்டது. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே போகும் கரும்புத் தோட்டத்தைப் பெருமையோடு பார்க்கத் தொடங்கினாள்.

நர்மதா துண்டை நான்காக மடித்துத் தன் தோளில் வைத்தாள். பிறகு பிரதீபாவின் தலையை, தூக்கம் கலையாமல், இரண்டு கையாலும் மெல்ல எடுத்து இந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

"எரும நாத்தம்" என்று தூக்கத்திலேயே முனகினாள் பிரதீபா. ஆனால் தலையை எடுக்கவில்லை.